நாலு லாக்கும் போட்டுகீதாக்கா?

அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவருடைய மகள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா பெயரை நான் இப்படி நடுரோட்டில் வைத்தால் அவள் கோபித்துக்கொள்வாள். அதுவும் இல்லாமல், திருவொற்றியூர் கடலோர ரோட்டில் வண்டி ஓட்டியவர்கள் யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை. 'லாக்கு' என்றால் போதும். "லாக்கு வந்துட்டாரா?" என்பார்கள். "லாக்கு பின்னாடி மட்டும் மாட்டிக்காத நைனா, பொழுது பூடும்" என்பார்கள்.

அந்த ரோட்டில் நான் கூழ்க்கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு பெரிய குடை, ஒரு பெஞ்சு, கூழ் அண்டா, வடைச் சட்டி, எனக்கு ஒரு முக்காலி. முதுகுப் பக்கம் ஏதோ கிடங்கின் மதில். முகத்துப் பக்கம் ரோடு, அதைத் தாண்டிக் கருங்கல் கொட்டிய கரை, கடல். ஹார்பர் கேட்டுக்குள் போக வேண்டிய கன்டெய்னர் வண்டிகள் எண்ணூர் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். நிற்கிறவனுக்குப் பசிக்கும். பசித்தவனுக்குக் கேழ்வரகுக் கூழ், கருவாட்டுத் தொக்கு, மாங்காய்க் கீற்று.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கடைப் பலகையைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வரிசை எதுவரை வந்திருக்கிறது, எந்த டிரைவருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், இன்றைக்கு கேட்டில் யார் டியூட்டி, அவர் நல்லவரா சிடுமூஞ்சியா, எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். 'தெரியாது' என்று நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. தெரியாததையும் மறுநாளைக்குள் தெரிந்துகொண்டு சொல்லிவிடுவேன். என்னை 'ஆயா' என்று கூப்பிட்டவனுக்குத் தொக்கு கிடையாது. எல்லாருக்கும் நான் அக்காதான்.

அவர் ஒல்லியான மனிதர். அந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். வாயில் கெட்ட வார்த்தை வராது, குடி கிடையாது. அவர் ஓட்டும் வண்டியில் கூழ்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், ஒரு சொட்டு சிந்தாது. ஓடுகிற வண்டியில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. வண்டி நின்றால்தான் பேஜாரு.

கன்டெய்னர் பெட்டியை டிரெய்லர் மேல் வைத்ததும் நாலு மூலையிலும் உள்ள இரும்புக் கட்டையைத் திருப்பி விடுவார்கள். அதுதான் லாக். திருப்பினால் பெட்டி வண்டியோடு சேர்ந்து நிற்கும். திருப்பாவிட்டால் வளைவில் வண்டி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். பெட்டி ஏற்றுகிற யார்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால், கேட்டில் கழற்றும்வரை அந்தப் பக்கம் எந்த டிரைவரும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அவர் பார்ப்பார். வண்டி நின்றதும் இறங்குவார். முன் மூலையில் கை வைத்து அசைப்பார், குனிந்து பார்ப்பார், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு அடுத்த மூலை. நாலாவது மூலைக்கு வரும்போது முதல் மூலை மறந்திருக்கும். மறந்திருக்கும் என்று சொல்வதும் சரியில்லை. ஞாபகம் நன்றாகவே இருக்கும். அந்த ஞாபகத்தை நம்ப மாட்டார். மறுபடியும் முதல் மூலை.

"இன்னாபா, வண்டியா கோயிலா? சுத்திகினே கீறே" என்பார் பாய். பாய் தண்டையார்பேட்டைக்காரர், அவரும் டிரெய்லர் டிரைவர். வரிசையில் எல்லாரையும் சிரிக்கவைப்பதைச் சம்பளம் வாங்காமல் செய்கிறவர். "அப்டியே எனக்கும் ஒரு சுத்து சேத்து வேண்டிக்கோ தோஸ்து, கேட்டு சீக்கிரம் தொறக்கட்டும்."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே என் குடைக்குக் கீழே வந்து நிற்பார்.

"யக்கா, நாலு லாக்கும் போட்டுகீதா?"

"போட்டுகீது."

"நீ பாத்தியா?"

"பாத்துகினுதான கீறேன். குந்து, கூழு குடி."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் இளகுவதைப் பார்க்க வேண்டும். தோள் இறங்கும், மூச்சு இறங்கும், பாதிச் சட்டிக் கூழும் இறங்கும். மாங்காயைக் கடித்த வாய் அப்படியே நிற்கும்.

"பின்னாடி மூலையும் சேத்துதான சொன்னே?"

"அத்தயும் சேத்துதான்யா."

"இல்ல, நீ குந்திகினு கீற எடத்துலேர்ந்து பின் மூலை தெரியுமா?"

மீதிக் கூழை வைத்துவிட்டு எழுந்து போவார். அவர் குடிக்காமல் விட்ட கூழை ஒன்றாகச் சேர்த்திருந்தால் இன்னொரு கடை வைத்திருக்கலாம். அதற்குள் முன்னால் நின்ற வண்டி நகர்ந்திருக்கும். இடைவெளியைப் பார்த்ததும் பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைப்பான். பின்னால் ஹாரன், அதோடு சேர்ந்து எல்லாருடைய அம்மா அக்காவும் தெருவுக்கு வருவார்கள். அவர் பாட்டுக்கு மூன்றாவது மூலையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஆயிரம் மூட்டை பிடிக்கிற பெட்டி கப்பலேறப் போகிறது, அதற்கு என் வாய்ச்சொல் வேண்டியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அதனால் நான் தாராளமாகவே சொன்னேன். கேட்காதபோதும் தூரத்திலிருந்து கத்தினேன். "நைனா, நாலும் போட்டுகீது, வண்டிய எடு." அவர் ஒரு கும்பிடு போடுவார். கொஞ்ச தூரம் போய் பிரேக் போட்டு, கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

அவருடைய வீட்டுக்காரம்மா ஒரு யோசனை சொன்னாளாம், லாக்கை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி. நல்ல யோசனைதான். அவரும் பிடித்தார். என் பெஞ்சில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யக்கா, இது இன்னிக்கி எடுத்ததா, நேத்து எடுத்ததா?"

"எனக்கு இன்னாய்யா தெரி..." என்று வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு, "இன்னிக்கிதான்" என்றேன்.

மறுநாளிலிருந்து படத்தில் தன் கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டார், தான் எடுத்தது என்று தெரிய. விரல் நேற்றும் இருந்த விரல்தானே? அதற்கடுத்து லாக்குக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எடுத்தார். கடைசியில் போனில் இடமே இல்லாமல், மகளுடைய பிறந்தநாள் படங்கள் அழிந்துபோய், லாக்குக்குப் பக்கத்தில் சிரிக்கிற அப்பா மட்டும் வரிசையாக மிச்சம். அதற்காக அந்தப் பெண் அவரோடு பேசாமல் இருந்தாள்.

இது எப்படி வந்தது என்று வரிசையில் ஆளுக்கொரு பாட்டு. எவளோ செய்வினை வைத்துவிட்டாள் என்றான் ஒருவன். வெயிலில் மூளை உருகிவிட்டது என்றான் இன்னொருவன். தர்காவில் ஊதிவிட்டால் சரியாகும் என்றார் பாய்; கூட்டிக்கொண்டும் போனார். ஊதினார்கள். திரும்பி வரும் வழியில் "நல்லா ஊதுனாங்களா பாய்?" என்று நூறு அடிக்கு ஒரு தரம் அவர் கேட்டதில், பாய் பாதியிலேயே ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார்.

இந்தச் சிரிப்பெல்லாம் ஒரு கப்பலோடு நின்றது. கப்பலுக்கு நேரமாகிவிட்டால் கேட்டை அடைத்துவிடுவார்கள். அப்புறம் வந்த பெட்டி வெளியேதான். அன்றைக்கு அவர் மூலை மூலையாகச் சுற்றிக்கொண்டிருந்ததில் வரிசையில் பின்தங்கி, அவர் பெட்டியை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. லாரி ஓனர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் கடைக்கு முன்னாலேயே வந்து நின்று சொன்னார்.

"வேய், ஒம்ம மாதிரி வண்டி ஓட்ட ஆள் கெடயாது, நான் இல்லங்கல. ஆனா இன்னொரு மட்டம் கப்பல விட்டீருன்னா, சாவிய வச்சிட்டுப் போயிரும். எனக்கும் யாவாரம் நடக்கணும்லா."

அவர் கழுத்துப் பட்டனைப் பிடித்தபடி தலையாட்டினார். ஓனர் போனதும் என்னிடம் வந்தார். வேலை போய்விடுமோ என்று கேட்கப் போகிறார் என்று ஆறுதல் தயாராக வைத்திருந்தேன்.

"யக்கா, இப்ப நிக்கிற வண்டிக்கி லாக்கு போட்டுகீதா?"

ரெண்டு நாள் கழித்து அவருடைய வீட்டுக்காரம்மா வந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை அவளுக்கு. பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, நான் நீட்டிய கூழை வாங்காமல், டாக்டரம்மா ஒருவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னாள்.

"இது பைத்தியம் இல்லியாம்க்கா. சந்தேக நோவு. இதுக்குன்னு மாத்திரை கீது, பயிற்சி கீதுன்றாங்க. அவங்கம்மாவும் இப்டித்தானாம். பஸ்ஸு ஏறுனவங்க எறங்கி வூட்டுக்கு ஓடுவாங்களாம், அடுப்ப அணைச்சமான்னு பாக்க. அந்தச் சுபாவம் இவருக்கும் வந்துகீது. அப்புறம் எர்ணாவூர் வளைவுல ஒரு பொட்டி சாஞ்சத இவரு கண்ணால பாத்துகீறாரு. கரும்பு ஜூஸு மிசின் மேல வுயுந்து அப்பளமா பூட்ச்சாம். மிசின்காரரு டீ குடிக்கப் போனதால பொயச்சாரு. அன்னிலேர்ந்துதான் இவருக்கு முத்திப்போச்சு."

"த்சு. இப்ப நான் இன்னா செய்யணும் சொல்லு."

அவள் முந்தானையைத் திருகினாள். "அவரு கேட்டா நீ பதிலு சொல்லக்கூடாதுக்கா."

எனக்குச் சுருக்கென்றது. "நான் சொன்னா அவரு மனசு ஆறுது. அதுல இன்னாமா தப்பு?"

"ஆறுதுக்கா. அதுதான் வம்பே. நீ சொன்னா ஆறும், ஆறுனா திரும்ப வரும், வந்தா மறுபடி நீ சொல்லணும். இந்த ஆறுதல்தான் அதுக்குத் தீனின்றாங்க டாக்டரம்மா. யார்டுல கையால ஒருவாட்டி பாரு, அத்தோட சரி. சந்தேகம் வந்தா வரட்டும். எறங்காத, கேக்காத, அதுவே அடங்கும்ன்றாங்க. மொதல்ல ஜாஸ்தியாவும், அப்புறம் அடங்குமாம்."

"என் வாய்க்கு அவ்ளோ மதிப்பு வெச்சிருந்தாரு உன் வூட்டுக்காரரு" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

"மதிப்பு இல்லாமயா? வூட்டுக்கு வந்து என்னக் கேப்பாரு. 'அக்கா நெஜமா பாத்துட்டுதான் சொல்லிச்சா, வாய்க்கி வந்தத சொல்லிச்சா? அதுக்குக் கண்ணு நல்லா தெரியுமா?'ன்னு."

என் கண்ணையா? துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பலில் கொடி என்ன நிறம் என்று சொல்கிற கண்ணை? அங்கேயே பாதி மனசு மாறிவிட்டது.

மீதிப் பாதியை மாற்றியது நாய். என் கடையை ஒட்டி ஒரு செவலை நாய் இருந்தது. நிற்கிற வண்டிகளின் டயரைப் பார்த்துக் குலைக்கும். பெரிய தொல்லை. ஒரு வடையைத் தூக்கிப் போட்டால் நிறுத்தும். வடை தீர்ந்ததும் மறுபடி குலைக்கும். நானும் போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரம்மா போன பிறகு அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்னால் ஆச்சா, நான் பார்க்க வேண்டாமா? வடையை நிறுத்தினேன். அடேயப்பா, அந்த வாரம் அது குலைத்த குலைப்பில் வியாசர்பாடி நாய்கள் பதில் சொல்லியிருக்கும். அண்டாவில் முன்காலை வைத்துக் குலைத்தது. பாய் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். நான் அசையவில்லை. பிறகு ஒரு நாள் ரெண்டு குலை குலைத்து, என்னைப் பார்த்து, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "பாருய்யா, உள்ள உனுக்கு ஒரு நாய் கீது. லாக்கு போட்டியா, லாக்கு போட்டியான்னு கொலைக்குது. இவ்ளோ நாளு நான் வடை போட்டுகினு இருந்தேன். இனிமே கடை மூடியாச்சு."

"கடிச்சிடாதாக்கா?"

"கொலைக்கிற வேலைதான் அதுக்கு. கூழு குடி."

வரிசைக்கே பாய் பாடம் எடுத்தார். லாக்கு வந்து கேட்டால் எல்லாரும் ஒரே பதில், "தெரியாது." இரண்டு நாளில் எல்லாருக்கும் நாக்கில் ஏறிவிட்டது. டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் ரோட்டை மறித்து நின்ற ஒரு வண்டியைக் காட்டி, "யார்துய்யா இது?" என்றார். தெரியாது. "டிரைவர் எங்க?" தெரியாது. "உன் பேரு இன்னா?" என்று ஒருவனைக் கேட்க, அவனும் பழக்கதோஷத்தில் தெரியாது என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டு என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் பாவம். "ரோட்டுக்கே இன்னாம்மா வந்துச்சு?" என்றார்.

ஆனால் எனக்குத்தான் அந்த வார்த்தை வரவில்லை. ஆயுசுக்கும் சொல்லாத வார்த்தை. முதல் நாள் சிரமப்பட்டுச் சொன்னேன்.

"தெரியாது."

"நீ தலைய ஆட்டுனக்கா. அப்ப போட்டுகீது."

அடுத்த நாள் தலையைக் கெட்டியாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"உன் கண்ணு பின் மூலைக்குப் போய்ட்டு நிம்மதியா திரும்பி வந்துச்சுக்கா. போட்டுகீது."

மனிதருக்கு லாக்கைத் தவிர எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை. அதுவும் தவிர, இந்தப் பொய் எனக்கு வராது. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றால் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். நிஜமாகவே தெரியாமல் இருந்தால்தான் தெரியாது என்று சொல்ல முடியும். முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டேன். ரோட்டுக்கு முதுகு, மதிலுக்கு முகம்.

அந்த மதிலில் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. இத்தனை வண்டி, இத்தனை கடல், இத்தனை ஜனம் பார்த்த நான் அவருடைய மீசையைப் பார்த்துக்கொண்டே கூழ் ஊற்றினேன். முதுகுக்குப் பின்னால் மாங்காய்க் கீற்று திருடினார்கள். "யக்கா, வரிசை எதுவரைக்கும் கீது?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றேன். வேறு யாருக்காகவும் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. உச்சி வெயில். வரிசை நத்தை மாதிரி நகர்கிறது. அவருடைய பெட்டிக்கு அன்று மதியம் கேட் அடைக்கிறார்கள். விட்டால் சாவி ஓனர் கைக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கு முதுகால்தான் தெரிகிறது. அவர் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் என் பக்கம் வந்தது.

"யக்கா."

நான் மீசைக்காரரைப் பார்த்தேன்.

"இன்னிக்கி மட்டும்க்கா. நெஜமாவே சந்தேகமா கீது. யார்டுல பாக்கும்போது ஒருத்தன் பேச்சு குடுத்தான். கை வெச்சன், ஆனா வெச்சனான்னு தெரியல. ஒரே ஒருவாட்டி திரும்பிப் பாருக்கா. பொட்டி யார் தலையிலனா வுயுந்தா..."

"தெரியாது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது.

"திரும்புனா தெரிஞ்சிடுமேக்கா."

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கரண்டியை அண்டாவின் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முன்வண்டி நகரும் சத்தம் கேட்டது. பின்னால் ஹாரன் எழுந்தது. பக்கத்து வரிசையில் எவனோ எஞ்சினை உறுமவிட்டான். பாய் தூரத்திலிருந்து, "தோஸ்து, மூக்க நொழைக்கறான்டா, ஏறு!" என்று கத்தினார்.

"கொலைக்குதாய்யா?" என்றேன், மதிலைப் பார்த்தபடி.

"வெறி புட்ச்சி கொலைக்குதுக்கா."

"கொலைக்கட்டும். நீ வண்டிய எடு."

என் இடுப்பில் வியர்வை ஓடியது. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அது வண்டியின் பின் மூலைக்குப் போகிறதா, முன் கதவுக்குப் போகிறதா என்று காதை நீட்டிக் கேட்டேன். கதவு அறைந்தது. வண்டி நகர்ந்தது. நிற்கவில்லை. அந்தச் சத்தம் கேட் பக்கம் போய்க் கரையும்வரை நான் கரண்டியை விடவில்லை.

அவர் போய்விட்டார். போட்டிருந்தாரா?

இதை நான் யாரிடம் கேட்பேன்? கை வைத்தேன், வைத்தேனா என்று தெரியவில்லை என்றாரே. முன்னே வளைவு இருக்கிறது. கரும்பு ஜூஸ் மிசின் அப்பளமானது ஞாபகம் வந்தது. பெட்டி விழுந்தால் சேதி முதலில் என் கடைக்குத்தான் வரும். வரவில்லை. வரவில்லை என்றால் விழவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வடையைக் கருகவிட்டேன். சாயந்திரம் பாய் காலி வண்டியோடு திரும்பி வந்தார்.

"பாய், லாக்கு வண்டி கேட்டு தாண்டுச்சா?"

"தாண்டிச்சிக்கா. கேட்டு அடைக்கறதுக்கு முன்னாடி கச்சிதமா பூந்துட்டாரு."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஒரு கரண்டி கூழ் ஊற்றினேன்.

"நீ நல்லா பாத்தியா? அது அவரு வண்டிதானா?"

பாய் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யக்கா, உனுக்கும் வந்துச்சா? தர்காவுக்கு நான் கூட்டிகினு போவமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் அவர் வந்தார். வண்டியை நிறுத்தினார். நேராகப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். கழுத்துப் பட்டன் போட்டபடிதான் இருந்தது. கூழை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். நான் ரோட்டுப் பக்கம் முக்காலியைத் திருப்பப் போனேன்.

"வாணாக்கா. இன்னும் கொஞ்ச நாளு அப்டியே குந்து. நின்னுடல, கொலைச்சிகினுதான் கீது. நான்தான் வடை போடல."

சரி என்று மீசைக்காரரைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"யோவ், நேத்து நாலு லாக்கும் போட்டுதான இருந்துச்சு?"

கேட்டில் அந்த லாக்கைக் கழற்றியவரே அவர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தலையை ஆட்டியிருந்தால்கூட என் முதுகுக்குத் தெரியாதே. சட்டியின் அடியை விரலால் வழித்து நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியாதுக்கா" என்றார்.